மஞ்சள் பொடி வைத்தியம்

ரேடியேட்டர் ஒழுகினால் அதைக் கழற்ற வேண்டும். கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, அந்த இடத்தில் ஈயம் வைத்து அடைக்க வேண்டும். இதுதான் என் கட்சி. இவ்வளவு சாதாரண விஷயத்தைச் சொல்ல ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். கட்டாயம் வேண்டும், ஐயா! ஏனென்றால் பழைய மோட்டார் வைத்திருப்பவர்களில் நான் பேசிப் பார்த்தவர்கள் முக்கால்வாசிப் பேர் எதிர்க் கட்சியில் இருக்கிறார்கள். அந்தக் கட்சியின் கொடி மஞ்சள் நிறம். "கழற்றுவானேன்? ஒரு பொட்டலம் மஞ்சள் பொடியை உள்ளே கொட்டு, ஒழுக்கு நின்றுவிடும்" என்பது அவர்களுடைய வேதவாக்கு. கொஞ்சம் நாகரிகமானவர்கள் மஞ்சளுக்குப் பதில் கடையில் விற்கும் குப்பி மருந்தை ஊற்றுகிறார்கள். குப்பி வேறு, சித்தாந்தம் ஒன்றுதான்.

நான் இவர்களோடு சண்டைக்குப் போவதற்குக் காரணம் உண்டு. என் மைத்துனரின் வலது முன்கையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் நிறம் மாறியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சித்தாந்தத்தின்மேல் கோபம் வருகிறது.

கோயம்புத்தூரில் இருக்கும் மைத்துனரிடம் ஒரு எம்.ஜி. டி.டி. வண்டி இருக்கிறது. இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1950 முதல் 1953 வரை இந்த ரகத்தில் சுமார் 30,000 வண்டிகள் செய்தார்கள். பெரும்பாலானவை அமெரிக்காவுக்குக் கப்பலேறின. இரண்டே ஆசனம், 1250 சி.சி. இஞ்சின், மடக்கிவிடக்கூடிய துணிக் கூரை. எங்கள் வீட்டு வண்டி 1951-ல் பிறந்தது. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது என் மாமனார் அதை வாங்கினார். மாமனார் காலமான பிறகு, அந்த வண்டியைத் துடைப்பதுதான் மைத்துனருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூஜை.

2018 ஜனவரியில் வண்டியின் அடியில் ஈரம் தட்ட ஆரம்பித்தது. முதலில் ஒரு காசு அளவு. பிறகு ஒரு தட்டு அளவு. ரேடியேட்டரின் கீழ்ப் பக்கத்தில், பற்றவைத்த இடத்தை ஒட்டிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. ஒரு பட்டறைக்கு அனுப்பினார். இரண்டு நாளில் வண்டி திரும்பி வந்தது. "கசிவு நின்னு போச்சுங்க" என்றார் பட்டறைக்காரர். பில்லில் "ரேடியேட்டர் வேலை" என்று எழுதி 1,800 ரூபாய் போட்டிருந்தார். ஒரு வாரம் பார்த்தோம். தரை காய்ந்தே இருந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் மைத்துனர், "மாப்பிள்ளை, குன்னூர் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடலாமுங்களா?" என்றார். மேட்டுப்பாளையத்தில் இட்டிலி சாப்பிட்டுவிட்டு மலை ஏறினோம். கல்லாறு தாண்டியது, கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. பர்லியாருக்கு மேலே ஒரு வாசனை வந்தது. யாரோ பக்கத்தில் குழம்பு கூட்டுவது போன்ற வாசனை! "காட்டுக்குள்ளே யாருங்க மச்சான் சமைக்கிறாங்க?" என்று நான் தமாஷாகக் கேட்டேன். அடுத்த வளைவில் எங்கள் வண்டியின் மூக்கிலிருந்தே ஆவி கிளம்பியது.

ஓரமாக நிறுத்தினோம். மைத்துனர் பதற்றத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகினார். நான் "வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் கொதித்த தண்ணீர் குபீரென்று பொங்கி அவர் கையில் விழுந்தது. அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கீழே விழுந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தேன். கல்யாண வீட்டுத் துண்டு மாதிரி மஞ்சள் பிடித்திருந்தது!

அந்தச் சமயத்தில் காய்கறி லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கி, முதல் காரியமாக மைத்துனரின் கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு ரேடியேட்டரிடம் போனதைப் பார்த்து, "சூட்டோட பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, இஞ்சின் வெடிச்சுப் போயிரும்" என்று தடுத்தார். பிறகு துண்டைப் பார்த்துச் சிரித்தார்.

"யாருங்க மஞ்சப் பொடி போட்டது?"

"பட்டறையிலேதான் போட்டிருக்கணுமுங்க. எங்களிடம் சொல்லவில்லை."

"அது நடுவழியிலே நின்னா, சந்தைக்குப் போய்ச் சேர்றதுக்குப் போடறதுங்க. நாங்களும் போட்டிருக்கோம். இறக்கின உடனே கழட்டிக் கழுவிருவோம். இதை வெச்சுக்கிட்டா மலை ஏறுவாங்க?"

பாருங்கள், மஞ்சள் பொடி வைத்தியத்தைக் கண்டுபிடித்த பெருமை யாருக்காவது உண்டென்றால் அது லாரி டிரைவர்களுக்குத்தான் இருக்கும். அந்த ஜாதியைச் சேர்ந்தவரே சொல்கிறார், இது முதல் உதவி. வைத்தியம் அல்ல என்று. அவசரத்துக்குச் செய்யும் காரியத்தை நிரந்தரமான காரியமாக்கி, அதற்கு 1,800 ரூபாய் வாங்குவது பட்டறைக்காரரின் சொந்தக் கண்டுபிடிப்பு.

பொடி எப்படி வேலை செய்கிறது? வெந்நீரில் மஞ்சள் பொடி உப்பிக்கொள்கிறது. தண்ணீர் ஓட்டை வழியாக வெளியேறும்போது உப்பின பொடியும் கூடவே போய் அந்த வாயில் சிக்கி அடைத்துக்கொள்கிறது. சிலர் முட்டையின் வெள்ளைக் கருவை ஊற்றுவார்கள். அது சூட்டில் கட்டியாகி அடைக்கும். குப்பி மருந்தும் ஏறக்குறைய இப்படித்தான். இதெல்லாம் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் பொடிக்குக் கண் இருக்கிறதா? "இது ஓட்டை, அடைக்க வேண்டும்; இது குழாய், விட்டுவிட வேண்டும்" என்று அதற்குத் தெரியுமா? குறுகலாக எந்த இடம் இருந்தாலும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய ரேடியேட்டரில் குறுகலான இடத்துக்குப் பஞ்சமே கிடையாது. மெல்லிய குழாய்கள் வரிசையாக மேலிருந்து கீழே இறங்குகின்றன. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி அவற்றின் உட்புறத்தில் ஏற்கனவே சுண்ணாம்பு படிந்திருக்கிறது. சிறுவாணித் தண்ணீர் ஓடும் ஊரில் இருந்துகொண்டு, வண்டிக்கு மட்டும் உப்புத் தண்ணீரை விட்டால் வேறு என்ன ஆகும்?

அடைபட்ட குழாய்களோடு மலை ஏறினால் நடப்பது இது. இஞ்சின் தண்ணீரை மேல் தொட்டிக்குத் தள்ளுகிறது. அது கீழே இறங்க வழி இல்லை. ஆகவே மேலே இருக்கும் வழிவுக் குழாய் வழியாகச் சாலையில் கொட்டுகிறது. தண்ணீர் குறையக் குறையச் சூடு ஏறுகிறது. இன்றைய கார்களில் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், உள்ளே இருப்பது 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் தாங்கும். எங்கள் டி.டி.யில் அந்த ஏற்பாடு இல்லை. வெறும் அடுப்புப் பாத்திரம் மாதிரிதான். மேட்டுப்பாளையம் 330 மீட்டர் உயரம். குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். சுமார் 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி இறங்கிவிடும். குன்னூரில் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இஞ்சின் அதிகமாக உழைக்க வேண்டிய இடத்தில்தான் தண்ணீருக்குப் பொறுமை குறைகிறது! பக்கத்துத் தண்டவாளத்தில் ஏறும் மலை ரயிலின் நீராவி இஞ்சின்கூட ஹில்குரோவில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே போகிறது.

வண்டியை லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்தோம். ரேடியேட்டர் வேலை மட்டுமே நாற்பது வருஷமாகச் செய்யும் ஒரு பெரியவரிடம் போனோம். அவர் முதலில் ரேடியேட்டரைத் தாங்கும் போல்ட்டுகளைப் பார்த்தார். "பெயிண்ட் உடையவே இல்லைங்களே. இதை யாரும் கழட்டலைங்க" என்றார். இரண்டு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிறகு கழற்றி, வாய்களை அடைத்து, இலேசாகக் காற்றுக் கொடுத்துத் தொட்டியில் அமுக்கினார். கீழ் மூலையில் முத்து முத்தாகக் குமிழி வந்தது. விரல் நகம் நீளத்துக்கு ஒரு விரிசல், அவ்வளவுதான் வியாதி! மேல் தொட்டியைச் சூடு காட்டிப் பிரித்தார். உள்ளே பாதிக்கு மேல் குழாய்களில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து களியாகிக் கெட்டிப்பட்டிருந்தது. அதுதான் வைத்தியம். மெல்லிய கம்பியால் ஒவ்வொரு குழாயாகக் குத்திச் சுத்தம் செய்து, விரிசலில் ஈயம் வைத்து, மறுபடியும் தொட்டியில் அமுக்கிக் காட்டினார். குமிழி இல்லை. கூலி 2,600 ரூபாய். ஆனால் சூட்டில் இஞ்சின் ஹெட் காஸ்கெட் போய்விட்டது. அதைச் சரிசெய்ய 20,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. கையின் கணக்கு இதில் சேரவில்லை.

எதிர்க் கட்சியார் இப்போது வேறொரு வாதத்தோடு வருவார்கள். "இவ்வளவு கஷ்டம் எதற்கு? பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக அலுமினிய ரேடியேட்டர் ஒன்று பொருத்திவிட்டால் போகிறது" என்பார்கள். இன்றைய கார்களில் அலுமினியக் கூடும் பிளாஸ்டிக் தொட்டியும் வைக்கிறார்கள். எடை குறைவு, விலையும் குறைவு. சரிதான். ஆனால் பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் ஈயம் வைக்க முடியுமா? அதை எறிய வேண்டியதுதான். செம்பும் பித்தளையுமாகச் செய்த பழைய ரேடியேட்டரை, பின்னால் ஒருவன் பிரித்துப் பார்ப்பான், பழுது பார்ப்பான் என்று எதிர்பார்த்தே செய்தார்கள். அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கும்போது ஏன் எறிய வேண்டும்? பெரியவருக்கு அந்த மாதத்தில் வந்த செம்பு ரேடியேட்டர் எங்களுடையது ஒன்றுதானாம். நாம் குப்பியை ஊற்றிக்கொண்டே இருந்தால், அவர் கடையை மூடிய பிறகு ஊற்றுவதைத் தவிர நமக்கு வேறு வழியே இருக்காது.

நான் பழமைப் பித்தன் அல்ல. குழாய்கள் அத்தனையும் இற்றுப் போயிருந்தால் ஈயம் வைத்துக்கொண்டே இருப்பதும் பைத்தியக்காரத்தனந்தான். அப்போது தொட்டிகளை வைத்துக்கொண்டு உள்கூட்டைப் புதிதாக மாற்ற வேண்டும். பெரியவரே அப்படித்தான் சொல்வார். ஆனால் கழற்றிப் பார்த்தால்தானே இற்றுப் போயிருக்கிறதா இல்லையா என்று தெரியும்? பார்க்காமல் ஊற்றுவதும் பார்க்காமல் எறிவதும் ஒரே சோம்பலின் இரண்டு கைகள்.

எனக்குப் பெரிய ஆத்திரம் பொடியின்மேல்கூட இல்லை, மூடி மறைத்ததன்மேல்தான். "ஐயா, பொடி போட்டிருக்கிறேன், பத்து நாள் தாங்கும், மலை ஏறாதீர்கள்" என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஒழுகும் ரேடியேட்டர் யோக்கியமானது. தரையில் ஈரத்தைக் காட்டி, "என்னைக் கவனி" என்று தினமும் காலையில் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயை அடைத்துவிட்டு, வியாதி தீர்ந்தது என்று எங்களிடம் காசு வாங்கினார்கள்.

ஆகையால், பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, பட்டறையில் மூன்று கேள்வி கேளுங்கள். கழற்றினீர்களா? ஓட்டை எங்கே இருந்தது? தொட்டியில் அமுக்கி எனக்குக் காட்டுவீர்களா? மூன்றுக்கும் பதில் வராவிட்டால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள். கூலி கொஞ்சம் கூடக் கேட்கிறாரே என்று பெரியவர்களிடம் பேரம் பேசாதீர்கள். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை, உங்கள் சொந்த மாமனார் வண்டியாக இருந்தாலும், ஆறுகிற வரையில் தொடாதீர்கள்.

மைத்துனர் இப்போதும் வண்டியின் கதவுப் பையில் ஒரு பொட்டலம் மஞ்சள் பொடி வைத்திருக்கிறார். "ஆத்திர அவசரத்துக்கு வேணுமுங்க மாப்பிள்ளை" என்கிறார். நானும் ஆட்சேபிக்கவில்லை. பொட்டலத்தின்மேல் மட்டும் என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "வீடு போய்ச் சேரும் வரையில்."