வழிவிடுவதும் வைத்தியமே

பெரிய கோயில் தேர் வலம்வரும் நான்கு ராஜவீதிகளையும் தேரோட்ட நாளில் ஒழித்துக்கொடுக்க நமக்குத் தெரிகிறது. மற்ற நாள்களில் அங்கே இருபுறமும் வண்டிகள் நிற்க, நடுவே ஆம்புலன்ஸ் தவிக்கிறது.

பக்கவாதத்தில் மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். திருவையாற்றுப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வருபவருக்கு அதில் பெரும்பகுதி வழியிலேயே கழிந்துவிடுவதுண்டு. மருந்து கையிலிருந்தும் ‘நேரம் கடந்துவிட்டது’ என்று உறவினரிடம் சொல்வதே எங்களுக்கு மிகக் கடினமான பணி.

ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டம் உண்டு. ஆனால், ஆளில்லாமல் நிற்கும் வண்டி எப்படி வழிவிடும்? இவ்வீதிகளில் ஒருபுறம் மட்டுமே வண்டி நிறுத்தம் என்பதை மாநகராட்சியும் காவல்துறையும் உறுதியாக நடைமுறைப்படுத்த வேண்டும். நாமும் உடன்பட வேண்டும். வாய்க்கால் அடைபட்டால் கடைமடை காயும் என்பது காவிரிக்கரையில் யாருக்குத்தான் தெரியாது?