மூன்று மணி நேரம்

ஒரு மனிதனுடைய உள்ளத்தைக் கடிகாரத்தைக் கொண்டு அளக்க முடியுமா? ஒரு வழக்கில் நமது ஸுப்ரீம் கோர்ட் அப்படித்தான் அளந்து பார்த்தது.

1959-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி, பம்பாயில், கடற்படைக் கமாண்டர் நானாவதியிடம் அவருடைய மனைவி, தாம் பிரேம் அஹுஜா என்பவரிடம் மனத்தைப் பறிகொடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். கமாண்டர் மனைவி மக்களைச் சினிமாக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டார். பிறகு கப்பலுக்குச் சென்று, இரவில் தனியாகப் பிரயாணம் செய்யவேண்டும் என்று காரணம் சொல்லி, ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கிக்கொண்டார். அஹுஜாவை ஆபீஸில் தேடினார். அங்கே இல்லாமற் போகவே வீட்டுக்குப் போனார். சற்று நேரத்தில் அஹுஜா பிணமானார்.

ஜூரர்கள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் கமாண்டர் குற்றவாளி அல்ல என்றார்கள். ஹைகோர்ட் அதை ஒப்பவில்லை. 1961-ல் ஸுப்ரீம் கோர்ட்டும் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. திடீர் ஆத்திரமென்றால் அது தணியுமுன் கை ஓங்கியிருக்கவேண்டும். இங்கேயோ இடையில் சுமார் மூன்று மணி நேரம் கழிந்துவிட்டது என்பது நீதிபதிகள் கண்ட முடிவு.

வெளியே அமைதியாயிருப்பவன் உள்ளே எரியக்கூடாதா என்று கேட்கலாம். எரியலாம். ஆனால், ரிவால்வருக்காகப் பொருத்தமான பொய் ஒன்றைத் தேடிச் சொல்லத் தெரிந்த மனத்துக்கு, வாசற்படியிலிருந்து திரும்பிவிடவும் தெரிந்திருக்கும் அல்லவா?

1964-ல் கமாண்டருக்கு மன்னிப்பும் கிடைத்தது. அவர் மனத்தில் என்ன இருந்தது என்று ஊரெல்லாம் ஆராய்ந்தார்கள். குளித்துவிட்டு இடுப்பில் துண்டுடன் நின்ற அஹுஜாவின் மனத்தில், அந்தக் கடைசி நிமிஷத்தில் என்ன இருந்தது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?