சவரக்கத்தித் தீட்டு

ரவாங்கிலும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் பாட்டன் காலத்துப் பெட்டியைத் திறக்குங்கால் களிம்பேறிய சேப்டி ரேசர் ஒன்று அகப்படுமாயின், அதற்குப் பல வீடுகளில் நேரும் கதி யாது? பித்தளைச் செம்பும் குத்துவிளக்கும் துலக்கப்பெற்று நடுவீட்டில் இடம் பெறும். ரேசர் மாத்திரம் "செத்தவர் முகத்திற் பட்டது, தீட்டு" என்று குப்பைக்குப் போகும். மூன்றும் பித்தளையே அல்லவா? ஒன்றற்கில்லாத தீட்டு மற்றொன்றற்கு எங்ஙனம் வந்தது என்று கேட்கின்றோம்.

வந்த வழி நாம் அறியாததன்று. புண்ணுக்குக் கத்தி வைத்தும் மகப்பேறு பார்த்தும் நம் முன்னோரைக் காத்த மருத்துவர் வகுப்பாரை இழிந்தவரென்று புறத்திண்ணையில் நிறுத்திய சாதிச் செருக்கு, அவர் கையாண்ட கருவியின்மேலும் ஏறிற்று. கப்பலேறி மலாயா வந்தும் அது கடலில் விழவில்லை. செவ்வாய் வெள்ளி பார்க்கும் மூடவழக்கமும் உடன் வந்தது. இத்தொழிலை மக்கட்குக் கற்பிக்க நாணியதன் பயன், முடிதிருத்துந் தொழிலுக்கு அயல்நாட்டாரை வருவிப்பதை அரசாங்கம் 2009-இல் நிறுத்தியபோது வெளிப்பட்டது. கடைகள் ஆளின்றித் தவித்தன.

1903-இல் அமெரிக்காவில் ஜில்லெட் என்பார் இக்கருவியை விற்பனைக்கு விட்டபோது அவ்வாண்டு விலைபோனவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. ஆயினும் இன்று நம் சில்லறைக் கடையில் விற்கும் இருபுறக் கூர்ப் பிளேடு அப்பழங்கருவிகளிற் பெரும்பாலானவற்றிற் பொருந்தும். பத்து நாளில் எறியும் பிளாஸ்டிக் கத்தியை நாகரிகமென்று வாங்குவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

செப்பனிடுதல் கடினமன்று. பழைய பிளேடைக் காகிதத்திற் சுற்றி முதலில் அப்புறப்படுத்துக. தலையைக் கழற்றி வெந்நீரும் சோப்பும் இட்டுப் பல் துலக்கும் பிரஷினால் தேய்த்தால், இறுகிய சோப்புப் படிவு இளகும். குடத்தைத் துலக்கும் புளியும் சாம்பலும் இங்கே கூடா. மேற்பூச்சு மெல்லியது, பறிபோகும். சீப்புப்பல் வளைந்திருப்பின் மரத்துண்டால் அழுத்திச் சிறிது சிறிதாக நிமிர்த்துக. முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடியும். கைப்பிடிக் குழல் வெடித்திருந்தால் வெள்ளீயங்கொண்டு பற்றவைக்கலாம். ஈயம் விளைந்த ஊரில் இதற்கா பஞ்சம்! பின்னர்ப் புதுப் பிளேடிட்டுத் திருகி, இருபுறத்தும் கூர் ஒத்த அளவில் நிற்கின்றதா என்று பார்க்க. ஒருபுறம் மிகுந்திருப்பின் தகடு கோணியதென்று அறிக. நேராகுமுன் முகத்தில் வைத்தலாகாது.

பூச்சு முற்றும் போயிருந்தால் நிக்கல் முலாம் வேண்டும். நிக்கல் உப்புக் கரைசலில் ரேசரை எதிர்முனையிலும் நிக்கல் தகட்டை நேர்முனையிலும் தொங்கவிட்டு மின்னோட்டஞ் செலுத்தினால் உலோகம் வந்து படியும். முலாம் போடும் பட்டறையிற் கொடுப்பதே நன்று. 1894-இல் லோக் யூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும் ஈயச்சுரங்கத்து நீரிறைக்க மின்பொறி அமைத்த ஊர் ரவாங். அவ்வூரார் மின்சாரத்தை ஏற்று, அதனாற் பளபளக்கும் கருவியைத் தீண்ட அஞ்சுவது நகைப்பிற்கிடம்.

அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. ஒருவர் இரத்தம் பட்ட பிளேடு மற்றவர்க்கு ஈரல் நோய்க் கிருமியைக் கொண்டு செல்லும். அது மந்திரத்தாற் போவதன்று, சாதி பார்த்து வருவதுமன்று. உலோகத்தைச் சோப்பிட்டுக் கழுவி ஸ்பிரிட்டால் துடைத்து, பிளேடை அவரவர் தமக்கென வைத்துக்கொள்க. அப்பால் பாட்டனின் ரேசரால் பேரன் செவ்வாய்க்கிழமையன்றே சவரஞ் செய்துகொள்ளலாம்.