ஊட்டுல போட்ட காசு

“ஊட்டுல போட்ட காசு எங்கீங்க போகுது?”

கோயமுத்தூர்ப் பக்கம் நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒருவரிடம், நன்றாக இருக்கிற வீட்டை எதற்கு உடைத்து மாற்றுகிறீர்கள் என்று கேட்டால் வருகிற பதில் இது. கடைசியில் கேள்விக்குறி இருக்கிறதே தவிர, பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை. கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர், சோமனூரில் தறி ஓட்டுகிறவர், பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர், சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற அவருடைய மருமகன், நாலு பேரும் வேறு எதில் முட்டிக்கொண்டாலும் இதில் ஒரே பேச்சு. பேங்கில் கிடக்கும் பணம் கரையும், ஷேரில் போட்டது பறக்கும், டாக்டருக்குக் கொடுத்தது தண்டம், வீட்டில் போட்டது மட்டும் சுவரோடு சுவராக நிற்கும்.

போகிறது என்கிறேன் நான். நன்றாகவே போகிறது.

பழைய வீடு கைமாறும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். வாங்க வருகிறவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே விசாரிப்பார்: “எத்தனை சென்ட்டுங்க? ரோடு எத்தனை அடி? சிறுவாணித் தண்ணி வருதுங்களா?” வீட்டுக்காரர் ஆசையாக உள்ளே கூட்டிப்போய், ஏழு வருஷத்துக்கு முன் நாலு லட்சம் கொட்டிப் போட்ட ஃபால்ஸ் சீலிங்கில் ஒளிந்திருக்கும் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவார். வந்தவர் நிமிர்ந்து பார்த்து, “நல்லாருக்குதுங்க” என்பார். வெளியே வந்ததும் புரோக்கர் காதில், “எடத்துக்கு மட்டும் ஒரு ரேட்டுச் சொல்லச் சொல்லுங்க. கட்டடத்தை எப்படியும் இடிச்சுப்போட்டுத்தான் கட்டோணும்.”

ஏறுவது சென்ட் விலை. அதன் மேல் நிற்கும் கட்டடம் தேய்கிற சரக்கு. வருமான வரிக் கணக்குகூட அப்படித்தான் பார்க்கிறது: தொழில் கணக்கில் வரும் குடியிருப்புக் கட்டடத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொள்ளலாம், மண்ணுக்கு ஒரு பைசா கழிக்க முடியாது. மிச்ச மதிப்பில் 5 சதவீதம் கழித்துக்கொண்டே வந்தால் 15 வருஷத்தில் கட்டடம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மாடுலர் கிச்சனுக்கு அந்த ஆயுளும் இல்லை. சிங்க்குக்கு அடியில் பிளைவுட் ஊதிக்கொள்ளும், கதவு ஒரு பக்கமாகத் தொங்கும். அதெல்லாம் நடக்காவிட்டாலும் காலேஜ் முடித்து வரும் மகள், “இது பழைய டிசைன்ப்பா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நாற்பத்தெட்டு வயசுக்காரர் ஒருவர் வீட்டைப் புதுப்பிக்கப் பத்து லட்சம் டாப்-அப் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டி, 15 வருஷத் தவணை. மாதம் சுமார் 10,140 ரூபாய். மொத்தமாகக் கட்டி முடிப்பது பதினெட்டேகால் லட்சம். கட்டி முடிக்கும்போது அவருக்கு அறுபத்து மூன்று. அந்தக் கடனில் போட்ட டைல்ஸை அதற்குள் இன்னொரு தடவை பெயர்த்திருப்பார். வரிச் சலுகை இருக்கிறதே என்பார்கள். பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டைக் கட்டவோ வாங்கவோ எடுத்த கடனின் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு; பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் எடுத்த கடனுக்கு வெறும் 30,000. புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டுமே இல்லை. வீடு கட்டுவதும் வீட்டை அலங்கரிப்பதும் ஒன்றல்ல என்பது சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் இரண்டும் ஒரே கணக்கு நோட்டு.

இந்த நம்பிக்கை முட்டாள்தனத்தில் முளைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். சூடு பட்டுப் பட்டு வந்தது. பெருந்துறையை மறக்க முடியுமா? ஈமு வளர்த்தால் மாதாமாதம் பணம் என்று டி.வி.யைத் திருப்பினால் விளம்பரம், அதில் சினிமா முகங்கள். காட்டை அடமானம் வைத்து, நகையை விற்று, கம்பி வேலிக்குள் ஈமுவை விட்டவர்கள் ஈரோடு மாவட்டத்தில் எத்தனையோ பேர். 2012 ஆகஸ்டில் சுசி ஈமு பண்ணை கவிழ்ந்தபோது பணமும் போனது, பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே தீனி போட வேண்டியும் வந்தது. அதற்குச் சில வருஷம் முன்னால்தான் திருப்பூரில் பாசி ஃபாரெக்ஸ் மோசடி. ரூ. 930 கோடி. அந்த வழக்கில் 2022இல் கோவை நீதிமன்றம் 27 ஆண்டுச் சிறை என்று தீர்ப்புச் சொன்னது. தண்டனை கிடைத்தது சரி, போட்டவன் மகளின் கல்யாணம் அதற்குள் முடிந்து பேரப்பிள்ளையும் வந்திருக்கும். இதையெல்லாம் பார்த்த ஒருவர் செங்கல்லைத் தவிர எதையும் நம்ப மாட்டேன் என்றால் அவரிடம் நான் என்ன வாதாட? ஒன்றே ஒன்றுதான்: ஈமுவிலிருந்து தப்பிப்பதற்கு இத்தாலியன் மார்பிள் தேவையில்லை. போஸ்டாபீஸ் போதும். ஏமாற்றுக்காரனுக்குப் பயந்து ஓடியவர்கள் நடுவில் நிற்காமல் நேரே டைல்ஸ் ஷோரூமுக்குள் நுழைந்துவிட்டார்கள். அங்கே ஏசி இருக்கிறது, காபி தருகிறார்கள், பையன் டைலை விரலால் தட்டிக் காட்டி, “லைஃப் டைம்ங்கண்ணா” என்கிறான். யாருடைய லைஃப் என்று யாரும் கேட்பதில்லை.

அதைக் கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் தெருவில் நடந்தது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடியே வருவார்கள். அப்படி ஒரு அம்மிணி, தோளில் பையும் கையில் பிரஷர் மெஷினுமாக எதிர் வீட்டு வாசலுக்கு வந்தார். வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. டைல் கட்டிங் தூசியில் வீட்டுக்காரர் தலை முதல் கால் வரை விபூதி பூசினதுபோல் நின்றார். ஐம்பத்திரண்டு வயசு. “உள்ள வா கண்ணு, கிச்சனைப் பாத்துட்டுப் போ” என்று கூட்டிப்போனார். டிராயரைத் தள்ளினால் சத்தமில்லாமல் தானாக மூடிக்கொள்வதை இரண்டு தடவை காட்டினார். அந்தப் பெண்ணும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “கையை நீட்டுங்கய்யா” என்றது. “அதெல்லாம் வேலை முடியட்டும் சாமி. தைக்குப் பால் காய்ச்சிப்போட்டு, அப்பறம் பொறுமையாப் பாத்துக்கலாம்.”

அஞ்சு மாசம் அந்த மனுசன் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும். காலையில் ஆறரைக்கு மோட்டாரைப் போட்டுச் சுவருக்குத் தண்ணி விடுவார். நடைப்பயிற்சி நின்றது. சமையலறையே இல்லாததால் மதியம் பேக்கரியில் எக் பப்ஸும் டீயும். மேஸ்திரி வராத நாளில் கோபம், வந்த நாளில் அதைவிடக் கோபம். பாதி ராத்திரியில் எழுந்து கால்குலேட்டர். தை வந்தது, பால் காய்ச்சினார்கள், ஒறம்பரை எல்லாம் வந்து எலிவேஷனைப் பார்த்து வாயைப் பிளந்தது. மாசியில் அவர் மூணு மாச சர்க்கரை பார்த்தார். 9.4. காலில் ஆறாத புண் ஒன்று வந்த பிறகுதான் பார்க்கவே போனார். 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வுப்படி இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, 35.5 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு. மூன்று பேரில் ஒருவருக்கு மேல். இரண்டும் வலிக்காமல் வளர்கிற வியாதிகள். சுவரில் விரிசல் விட்டால் மறுநாளே கொத்தனாரைக் கூப்பிடுகிறவர்கள், கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தைக்குத் தள்ளிவைக்கிறார்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 2019இல் நகையை அடகு வைத்துச் சமையலறைக்குக் கிரானைட் போட்டவன் நான். அந்த வருஷம் வட்டி கட்டுகிற இழுபறியில் மெடிக்ளெய்ம் பிரீமியத்தை விட்டுவிட்டேன். பாலிசி காலாவதியானது. 2021இல் புதிதாக எடுக்கப் போனால், நடுவில் பிரஷர் வந்து உட்கார்ந்திருந்தது. ஏற்கெனவே இருக்கும் நோய் என்று எழுதிக்கொண்டு அது சம்பந்தப்பட்ட எதற்கும் நாலு வருஷம் காத்திருக்கச் சொன்னார்கள். இப்போது எடுப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருஷம். 2024இல் விதி மாறியது. மூன்றோ நாலோ, அந்த இடைவெளியில் மாரடைப்பு வந்தால் கிரானைட்டைப் பெயர்த்தா பில் கட்ட முடியும்? அந்த நாலு வருஷமும் சமையலறைக்குள் போகும்போதெல்லாம் அந்தக் கறுப்புப் பளபளப்பில் என் மூஞ்சி தெரியும். எனக்குப் பிடிக்காது.

நடுத்தர வயசு, நடுத்தர வருமானம் என்றால் அரசாங்கக் கைப்பிடியும் பெரும்பாலும் எட்டாது. முதல்வர் காப்பீட்டுத் திட்டம் 5 லட்சம் வரை தரும், ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000க்குள் இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.க்குச் சம்பளம் மாதம் 21,000ஐத் தாண்டக் கூடாது. பட்டறை முதலாளிக்கு இரண்டும் இல்லை, பென்ஷனும் இல்லை. அவர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் பட்டறை பூட்டிக் கிடக்கும், கரன்ட் ஃபிக்ஸட் சார்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஆளுக்குத்தான் ஆறு மாசச் செலவுக்கான பணம் தொட்டால் வருகிற தூரத்தில் இருக்க வேண்டும். இந்த ஆள்தான் அதை எடுத்து முகப்புக்குக் கல் ஒட்டுகிறார்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. மாறியது. சிமென்ட்டுக்கு 28லிருந்து 18 சதவீதம். அதே நாளில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீதம் முழுசாகவே போனது. அந்த வாரம் எங்கள் ஏரியா பேக்கரியில் நான் கேட்டதெல்லாம் மூட்டைக்கு எவ்வளவு குறையும் என்பதுதான். பிரீமியம் என்ற வார்த்தை ஒருவர் வாயிலும் வரவில்லை. கவர்ன்மென்ட் இரண்டு கதவைத் திறந்தது, நாம் கூட்டமாக ஒன்றில் மட்டும் நுழைந்தோம்.

“உங்களுக்கென்னங்க, கட்டுரை எழுதிப்போட்டுப் போயிருவீங்க. பையனுக்குப் பொண்ணுப் பாக்கோணும். வர்றவங்க ஊட்டைப் பாத்துத்தான பேச்சே ஆரம்பிக்கறாங்க.” இந்த வாதத்துக்கு முன்னால் நான் கொஞ்சம் தடுமாறுவேன். பொய்யில்லை. கொங்குப் பக்கம் சம்பந்தம் பேச வருகிறவர்கள் காரை நிறுத்துவதற்குள் காம்பவுண்டை அளந்துவிடுவார்கள். பெண் கிடைக்காமல் முப்பத்தைந்தில் நிற்கும் பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சரி, செய்யுங்கள். ஆனால் அதைக் கல்யாணச் செலவு நோட்டில் எழுதுங்கள், பந்தல், பாத்திரம், பந்திச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில். முதலீடு என்று எழுதாதீர்கள். செலவு என்று எழுதினால் கை தானாக ஒரு இடத்தில் நிற்கும். முதலீடு என்று எழுதினால் நிற்காது. “போடறதுதான் போடறோம், நல்லதாப் போட்டுருவோம்” என்கிற அந்த ஒரு வாக்கியம் எத்தனை குடும்பத்தின் வைப்புத்தொகையைத் தின்றிருக்கிறது!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொன்னது எச்சரிக்கை. நாம் அதைச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலாக எடுத்துக்கொண்டோம்.

இந்த ஊருக்கு முன்பெல்லாம் உயிரைவிட வீடு பெரிதாக இருந்ததில்லை. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன, போகிற வழியில் பார்த்திருப்பீர்கள். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் வந்தபோது சனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கினார்கள். எலி செத்து விழுந்தால் தேக்குத் தூணாவது ஒன்றாவது, கிளம்பிவிடுவது. அப்படிப் போனவர்களின் பேரன்கள்தான் இன்றைக்கு நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிவிட்டு, “பெயின்டர் வர்ற நேரம், அவன் போனதுக்கப்பறம் ஆஸ்பத்திரி போலாம்” என்கிறார்கள்.

வீட்டில் கையே வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கூரை ஒழுகினால் அடைக்க வேண்டும். பழைய ஒயரிங்கை மாற்ற வேண்டும். ஆனால் ஐம்பதில் உடைக்கிற வீட்டை எழுபதில் நடக்கப்போகிற காலுக்காக உடைக்க வேண்டும். கீழேயே ஒரு படுக்கையறை, அதை ஒட்டிக் கழிப்பறை. சக்கர நாற்காலி நுழைகிற அகலத்தில் அதன் கதவு. ஈரத்தில் வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ். மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. இதையெல்லாம் எந்த இன்டீரியர்காரரும் முப்பரிமாணப் படம் போட்டுக் காட்ட மாட்டார். லாபம் கிடையாது, அழகும் கிடையாது.

போன வருஷம் என் வீட்டில் வேலை நடந்தது. முகப்புக்கு வைத்திருந்த பணத்தில் பாதியைப் பேங்கில் போட்டுவிட்டு, கீழ் பாத்ரூமை மட்டும் உடைத்தேன். கமோடுக்குப் பக்கத்திலும் ஷவருக்குக் கீழேயும் இரண்டு ஸ்டீல் கைப்பிடி. கொத்தனாருக்குச் சம்மதமில்லை. “ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமுங்க” என்றார். இருக்கட்டும் என்றேன். சுவரில் ஆழமாக ஓட்டை போட்டு, போல்ட்டை இறுக்கிவிட்டு, அவரே தொங்கிப் பார்த்தார். எழுபது கிலோ ஆள். அசையவில்லை.

பொங்கலுக்கு ஒறம்பரை வந்தது. மாமா, அத்தை, பங்காளி வீட்டுப் பிள்ளைகள். ஹாலில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்தார்கள்; சொல்ல ஒன்றுமில்லை, பழைய மொசைக் தரையேதான். அத்தை கை கழுவப் போனவர் பாத்ரூமை விட்டு வெளியே வந்து, குரலைத் தாழ்த்தி என் மனைவியிடம் கேட்டார்:

“ஏனம்மிணி, இந்த ஊட்டுல யாருக்கு ஒடம்பு சரியில்ல?”

“யாருக்கும் இல்லீங்கத்தை. அதான் இப்பவே வெச்சோம்.”

அத்தை நம்பவில்லை. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.