அத்தானுக்கு எப்படி இருக்கு?

தம்பி தங்கைகளில் யார் போன் செய்தாலும் அக்காவிடம் கேட்டது இது ஒன்றைத்தான். அடுத்த கேள்வி என்று ஒன்று எங்களிடம் இருந்ததில்லை.

முதல் முறை, புற்றுநோய் என்று புராஸ்டேட்டை எடுத்தபோது, முறை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தோம். அறுவைக்குப் பிறகு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட வேண்டும், 0.2ஐத் தொட்டு, மறுபரிசோதனையிலும் இறங்காவிட்டால் நோய் திரும்பியதாகக் கொள்கிறார்கள். சில வருஷம் கழித்துத் திரும்பியது. "இது மெதுவா போற கேன்சர்தான்க்கா, ஊசியில அடங்கிடும்" என்றோம். படித்துவிட்டுத்தான் சொன்னோம். ஆறுதல் சொல்கிற சாக்கில் அவள் வாயை அடைத்துவிட்டோம்.

அந்த ஊசியைப் பற்றியும் படித்திருந்தோம். டெஸ்டோஸ்டிரோனை அடியோடு இறக்குவது அதன் வேலை. விரையை அகற்றினால் இந்தப் புற்று ஒடுங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டிய அதே வழி, கத்தியில்லாமல். ஆசை வற்றும், தசை தளரும், எலும்பு தேயும், மனசு சட்டென்று உடையும். எல்லாவற்றையும் அத்தான் கணக்கிலேயே எழுதிக்கொண்டோம். கட்டிலின் மறுபாதியில் இருப்பவளை நினைக்க எங்களுக்குக் கூச்சம். அறுபது தாண்டியவளுக்கு அதெல்லாம் எதற்கு என்றொரு தீர்ப்பும் எங்களுக்குள் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நடுராத்திரியில் அத்தானுக்கு உடம்பு கொதித்து வியர்க்கும். ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு அவள் போர்வைக்குள் நடுங்குவாள். தீட்டு நின்ற காலத்தில் அவளுக்கும் இதே கொதிப்பு இருந்ததாம். அப்போது யாரும் எழுந்து ஃபேன் போடவில்லையாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். நாங்களும் சிரித்து வைத்தோம்.

இவற்றையெல்லாம்விட மோசம், ரகசியத்தை அவள் தலையில் கட்டியது. "மூத்திரம் சொட்டுறதெல்லாம் வெளியில தெரிஞ்சா அத்தானுக்கு அசிங்கம்" என்றது நாங்கள்தான். கல்யாண வீடுகளில் கிட்னி கல் என்று சொல்லிச் சமாளித்தாள். மருந்துக்கடையில் மாமியாருக்கு என்று சொல்லி டயப்பர் வாங்கினாள். மாமியார் செத்து வெகுகாலம் ஆகிறது. அழுவதென்றாலும் காரணம் சொல்லாமல்தான் அழ வேண்டியிருந்தது. அத்தான் எரிந்து விழுந்த நாட்களில் "நோயாளி, நீதான் பொறுத்துப் போகணும்" என்று உபதேசம் வேறு. இந்த நோயில் கணவரைவிட மனைவிக்கு மன உளைச்சல் கூடுதல் என்று கண்ட ஆய்வுகள் உண்டு. எங்களுக்கு ஆய்வு தேவைப்பட்டிருக்கக் கூடாது.

மூன்று மாதத்துக்கொரு முறை ஊசிக்குக் கார் ஓட்டியதைப் பெரிய சேவையாக நினைத்துக்கொண்டோம். டாக்டர் அறைக்குள் அத்தானோடு போவது தம்பிகள்; அக்கா ஃபைலைக் கொடுத்துவிட்டு வெளியே நாற்காலியில் இருப்பாள். போன முறை அவளே முந்திக்கொண்டு எழுந்தாள். "நீங்க இருங்கடா" என்றாள். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. என்ன பேசினாள் என்று நாங்கள் கேட்கவில்லை. இந்த முறை கேட்காதது அலட்சியத்தால் இல்லை என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.