அணு உலையை எதிரி தாக்கினால் ஓடுவதா? ஒளிவதா?
கல்பாக்கம் சுற்று வட்டார ஜனங்களுக்கு தெரிய வேண்டிய விஷயம்

சென்னை,

அணு மின் நிலையத்தில் எந்திரக் கோளாறு வந்தால் என்ன செய்வது என்று அதிகாரிகளிடம் திட்டம் இருக்கிறது. எதிரி குண்டு போட்டால்? ஊர் ஜனங்கள் ஓடுவதா, வீட்டுக்குள் ஒளிவதா?

இது எங்கோ வெளிநாட்டுக் கேள்வி அல்ல. சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோ மீட்டரில் கல்பாக்கம் இருக்கிறது. 2025-ம் ஆண்டு மே மாதம் 7-ந்தேதி நாடு முழுவதும் போர்க்கால ஒத்திகை நடந்தது. தமிழ்நாட்டில் சென்னை துறைமுகத்தோடு கல்பாக்கம் அணு மின் நிலையத்திலும் ஒத்திகை நடத்தப்பட்டது.

உக்ரைனில் நடந்தது என்ன?

2022-ம் ஆண்டு மார்ச் 4-ந்தேதி உக்ரைன் நாட்டில் ஜபோரிஜியா அணு மின் நிலையத்தை ரஷிய ராணுவம் பிடித்தது. ஐரோப்பாவிலேயே பெரிய நிலையம். மொத்தம் 6 உலைகள். சண்டையில் பயிற்சிக் கட்டிடம் தீப்பிடித்தது. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தீயணைக்கும் படையால் உடனே நெருங்க முடியவில்லை. நல்ல வேளை, உலைகள் தப்பின.

அந்த ஆண்டு செப்டம்பரில் மின்சார உற்பத்தி நின்றது. ஆனால் ஆபத்து நிற்கவில்லை. அணு உலை, அணுகுண்டு மாதிரி வெடிக்காது. ஆனால் நிறுத்திய பிறகும் எரிபொருள் சூடாகவே இருக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஓட பம்பு வேண்டும். பம்பு ஓட கரண்டு வேண்டும். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந்தேதி வெளியில் இருந்து வரும் கரண்டு அறுந்து, சுமார் ஒரு மாதம் டீசல் ஜெனரேட்டரை நம்பியே அந்த நிலையம் காலம் தள்ளியது.

ஆக, எதிரி உலையைத்தான் அடிக்க வேண்டும் என்பது இல்லை. கரண்டு கம்பியை அறுத்தாலே போதும்.

கணக்கு தப்புகிற இடம்

நம் நாட்டில் அணு மின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோ மீட்டர் தூரம் அவசரகால திட்டப் பகுதி. கதிர்வீச்சு வெளியே பரவினால் ஊரைக் காப்பாற்றும் பொறுப்பு கலெக்டருடையது. கல்பாக்கத்துக்கு புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் எல்லாம் இந்த வட்டத்துக்குள்தான் வருகின்றன.

விபத்து என்றால் பெரும்பாலும் சில மணி நேரமாவது அவகாசம் கிடைக்கும். ரோடு திறந்திருக்கும். போன் பேசும். பஸ் வரும்.

தாக்குதலில் இது எதுவுமே நிச்சயம் இல்லை. விமானத் தாக்குதல் சங்கு ஊதினால், "உள்ளே போ" என்று அர்த்தம். கதிர்வீச்சு பரவி ஊரைக் காலி செய்யச் சொன்னால், "வெளியே போ" என்று அர்த்தம். இரண்டும் ஒரே நாளில் வந்தால் ஜனங்க எதைக் கேட்பாங்க? கிழக்கு கடற்கரைச் சாலையில் எல்லாரும் வண்டியை எடுத்தால், ஆம்புலன்சு எப்படிப் போகும்?

மாத்திரை எங்கே?

உலையில் இருந்து கதிரியக்க அயோடின் கிளம்பினால் அது கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியில் போய் உட்காரும். குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். 1986-ல் செர்னோபில் விபத்துக்குப் பிறகு, கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த பிள்ளைகள் பலர் தைராய்டு புற்று நோய்க்கு ஆளானார்கள்.

இதைத் தடுக்க அயோடின் மாத்திரை உண்டு. காற்று வருவதற்குச் சற்று முன்போ, வந்த சில மணி நேரத்துக்குள்ளோ சாப்பிட்டால்தான் பலன். அதிகாரி சொல்லாமல் சாப்பிடவும் கூடாது. மற்ற கதிரியக்கப் பொருள்களுக்கு அது மருந்தும் அல்ல. சண்டை நடக்கும்போது லாரியில் ஏற்றி அனுப்பினால் ஊர் போய்ச் சேருமா? அதனால்தான் 2022 ஆகஸ்டிலேயே ஜபோரிஜியாவைச் சுற்றி 50 கிலோ மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள்.

அவசரமும் ஆளைக் கொல்லும்

2011-ல் ஜப்பானில் புகுஷிமா விபத்தின்போது ஆஸ்பத்திரி நோயாளிகளைத் தயாரிப்பு இல்லாமல் பஸ்சில் ஏற்றி அலைக்கழித்தார்கள். பலர் இறந்தார்கள். கொன்றது கதிர்வீச்சு அல்ல, அவசரம். படுத்த படுக்கையாக இருப்பவர் யார், எந்த வீடு, யார் தூக்குவது என்ற பட்டியல் முன்பே ஊரில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் இருக்கே?

இருக்கிறது. அணு நிலையங்களை ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி கையெழுத்துப் போட்டன. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1-ந்தேதி நிலையங்களின் பட்டியலையும் மாற்றிக் கொள்கின்றன. நல்ல விஷயம். ஆனால் டிரோன் அனுப்புகிற கும்பலுக்கு ஒப்பந்தம் ஏது? 2025 பிப்ரவரி 14-ந்தேதி செர்னோபில் உலையை மூடியிருக்கும் பிரமாண்ட கூண்டில் ஒரு டிரோன் மோதி ஓட்டை போட்டு விட்டது.

செய்ய வேண்டியது

உள்ளே இருக்க ஒரு சத்தம், ஊரைக் காலி செய்ய வேறு சத்தம். மாத்திரை, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைக்கெட்டும் தூரத்தில். கரண்டும் போனும் இல்லாமல் ஒரு ஒத்திகை. கடலில் இருக்கும் மீனவர்களுக்கு ரேடியோவில் சேதி. ராணுவம், போலீஸ், கலெக்டர் மூவரில் ஜனங்களுக்கு உத்தரவு போடுவது யார் என்பதில் முன்பே முடிவு.

இதற்கெல்லாம் கோடி கோடியாகப் பணம் தேவையில்லை. சங்கு ஊதினால் கதவைச் சாத்தணுமா, பஸ் ஏறணுமா என்று மீன் விற்கும் பாட்டியைக் கேட்டால், பட்டென்று பதில் வரவேண்டும். அதுவரை அந்தத் திட்டம் வெறும் பைல்தான்.