டைட்டானியம் மோகமும் ஒரு விரிசல் விட்ட சைக்கிளும்

சைக்கிள் ஓட்டுகிற கூட்டத்துக்குள்ளேயும் ஒரு வர்ணாசிரமம் இருக்கிறது மக்களே. அடியில் ஸ்டீல். அதற்கு மேலே அலுமினியம். அதற்கும் மேலே கார்பன். இத்தனைக்கும் மேலே, கருவறைக்குள், பெயிண்ட்கூடப் பூசாமல் வெள்ளி நிறத்தில் ஜொலித்துக்கொண்டு டைட்டானியம். அதைக் கேள்வி கேட்டால் நீங்கள் நாத்திகர்.

என் அலுமினிய ஃப்ரேம் போன மாதம் விரிசல் விட்டது. பெடல் அச்சு உட்காருகிற இடத்துக்குப் பின்னால், செயின் பக்கத்துக் குழாயில், தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. நாலு வருஷம் முத்தியால்பேட்டைக்கும் காலாப்பட்டுக்கும் நடுவே ஓடின வண்டி. படத்தை நண்பர்களுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்துக்குள் ஆளாளுக்கு ஒரே மந்திரம்: "டைட்டானியம் வாங்குடா, ஆயுசுக்கும் ஒண்ணு போதும்." அதில் ஒருத்தர், "கடலோரத்துல இருந்துக்கிட்டு ஸ்டீல் வாங்குறவன் முட்டாள்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். இந்தப் பதிவு அவருக்குச் சமர்ப்பணம் :-)

முதலில் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டியது. டைட்டானியம் துருப்பிடிக்காது. உப்புக் காற்று அதை ஒன்றும் செய்யாது. நல்ல கையால் வெல்டிங் செய்த ஃப்ரேம் நம்மையும் தாண்டி வாழும். சரி. ஆனால் பாண்டி உப்புக் காற்றில் ஒரு சைக்கிளில் எது முதலில் போகிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? செயின். ஃப்ரீவீல். ஸ்போக்ஸ் முனையில் இருக்கிற நிப்பிள். பிரேக் கேபிள். போல்ட்டுகள். இதில் ஒன்றுகூட ஃப்ரேம் கிடையாது! லட்ச ரூபாயைச் சுலபமாகத் தாண்டுகிற ஃப்ரேமை வாங்கி, அதன் மேல் அதே செயினை மாட்டி, அதே கடற்கரைச் சாலையில் நிறுத்தினால், துரு உங்களிடம் ரசீது கேட்டுவிட்டா வரும்?

இன்னொன்றை விற்கிறவர்கள் சொல்வதில்லை. டைட்டானியத்துக்குள் அலுமினிய சீட் போஸ்ட்டைச் செருகி உப்பு ஈரம் படவிட்டால், இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும். டைட்டானியத்துக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம் அரித்துப் பூத்து குழாய்க்குள்ளேயே இறுகிக்கொள்ளும். "துருப்பிடிக்காத" ஃப்ரேமில் சீட்டை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. சாதிமான்களுக்கும் சங்கடம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எடை. ஸ்டீலின் அடர்த்தி 7.8, டைட்டானியம் 4.5 என்று என் வகுப்புத் தோழன் பாடம் நடத்தினான். வாஸ்தவம். ஆனால் விறைப்பிலும் அது ஸ்டீலில் கிட்டத்தட்டப் பாதிதானே? அதை ஈடுகட்டக் குழாயைப் பருமனாக்க வேண்டும். கடைசியில் நல்ல குரோமோலி ஸ்டீல் ஃப்ரேமுக்கும் டைட்டானியத்துக்கும் வித்தியாசம் அரைக் கிலோ பக்கம் வந்து நிற்கும். நான் காலாப்பட்டுக்குக் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோ. இந்த ஊரில் கோரிமேட்டு ஏற்றத்தை விட்டால் மேடு எங்கே இருக்கிறது? பாரதி பூங்காவைச் சுற்றுவதற்கு ராக்கெட் உலோகம் எதற்கு?

"ஸ்டீலுக்கு ஆயுசு கம்மி" என்பதும் பாதிக் கதை. அலுமினியம் ஒவ்வொரு குலுக்கலையும் கணக்கில் வைத்துக்கொள்ளும். சின்னச் சின்ன அழுத்தங்கள் சேர்ந்து ஒருநாள் விரிசலாகும். என் வண்டிக்கு நடந்தது அதுதான். ஸ்டீலுக்கும் டைட்டானியத்துக்கும் அந்தச் சிக்கல் குறைவு. ஒரு எல்லைக்குக் கீழே எத்தனை லட்சம் தடவை அழுத்தினாலும் தாங்கும். டைட்டானியத்தைத் தூக்கிவைக்கிற அதே குணம் ஸ்டீலுக்கும் இருக்கிறது, விலை மட்டும் இல்லை.

எனக்குப் பெரிய விஷயம் பழுது பார்ப்பது. அலுமினியத்தை ஒட்டலாம், ஆனால் சூடு பட்ட இடம் பலம் இழந்துவிடும். மறுபடி முழு ஃப்ரேமையும் உலையில் பதப்படுத்த வேண்டும். டைட்டானியம் இன்னும் மோசமான மகாராஜா. சூடாக இருக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்குகிற பொருளாகிவிடும். குழாய்க்கு வெளியேயும் உள்ளேயும் ஆர்கான் வாயு நிரப்பித்தான் வெல்டிங் செய்ய முடியும். வெல்டிங் தழும்பு வெள்ளியாக இருந்தால் நல்லது, லேசான வைக்கோல் நிறம் பரவாயில்லை, நீலமோ சாம்பலோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் தூர ஓடுங்கள். ஸ்டீல் விரிசலா? கேஸ் வெல்டிங் தெரிந்த பட்டறைக்காரர் பித்தளை வைத்துப் பற்றவைத்து, பெயிண்ட் அடித்து, சாயங்காலம் கையில் கொடுத்துவிடுவார். உடைந்ததை நம் தெருவிலேயே சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் எனக்கு உண்மையான தரம்.

இந்த டைட்டானியம் எங்கிருந்து வருகிறது என்றும் ஒரு நிமிஷம் பார்ப்போம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கிற மணலில் இருக்கும் இல்மனைட், டைட்டானியத்தின் தாது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். தோண்டல் கதை அங்கே ஆரம்பித்தது. 1950-ல் மத்திய அரசின் அருமணல் நிறுவனம் உருவானது. உலகம் முழுக்க இந்தத் தாதில் பெரும்பங்கு உலோகமாவதில்லை, பெயிண்டுக்கு வெள்ளை நிறமாகப் போகிறது. கேரளத்துச் சவராவில் 2011-ல் தொடங்கிய ஆலை ஆண்டுக்கு 500 டன் டைட்டானியம் ஸ்பாஞ்ச் எடுக்கும் திறன் கொண்டது. விண்வெளித் துறைக்காக வந்தது அது. ராக்கெட்டுக்கு வேண்டும், சரி. 2024-ல் கிள்ளியூர் வட்டத்தில் புதிதாகத் தோண்டும் திட்டம் வந்தபோது கதிர்வீச்சுக்குப் பயந்து எதிர்த்தவர்கள் அந்தக் கடலோர மக்கள். "சுற்றுச்சூழலுக்காகத்தான் சைக்கிள், அதிலும் டைட்டானியம்" என்று ஸ்டேட்டஸ் போடுகிற அண்ணன்கள் அந்தக் கிராமங்களுக்கு ஒருதரம் போய்விட்டு வந்து பேசட்டும்.

ஸ்டீலின் ஊரோ பக்கத்திலேயே. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கியதுதான் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ். அந்த இங்கிலாந்துப் பங்காளியின் குடும்பத்தில்தான், பந்தய வீரர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ரெனால்ட்ஸ் 531 ஸ்டீல் குழாயும் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, எந்த உலோகம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஓடுமா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

ஆகவே நான் தேடுவது குரோமோலி ஸ்டீல் ஃப்ரேம். 38 மி.மீ. டயர் நுழைகிற அகலம் வேண்டும், ஏனென்றால் சொகுசைத் தருவது உலோகத்தைவிட டயரும் அதிலிருக்கிற காற்றும்தான். கேரியருக்கும் மட்கார்டுக்கும் ஓட்டை வேண்டும். பெடல் அச்சு திருகாணி வகையாக இருக்க வேண்டும், அடித்து இறக்குகிற வகை வேண்டாம். வந்ததும் குழாய்களுக்குள் எண்ணெய் விட்டு உருட்டிவிடுவேன், முட்டாள் பட்டம் கொடுத்த நண்பரின் கவனத்துக்கு.

1,200 கிலோமீட்டர் பாரீஸ்–பிரெஸ்ட்–பாரீஸ் ஓட்டப் போகிறவர், கையில் காசும் இருக்கிறது என்றால், தாராளமாக டைட்டானியம் வாங்கட்டும். எனக்குச் சண்டை அவரோடு இல்லை. ஹாஸ்டல் ஃபீஸ் கட்டக் கடன் வாங்கியிருக்கிற பையனிடம் "இதை வாங்கலன்னா நீ சைக்கிளிஸ்ட்டே இல்ல" என்கிறவர்களோடுதான்.

டிஸ்கி: ஏற்கெனவே டைட்டானியம் வைத்திருக்கும் பாண்டிக்காரர்கள் திட்டுவதற்கு முன்னால் சீட் போஸ்ட்டைக் கழற்றிப் பாருங்கள். வந்துவிட்டால் நன்றாகத் துடைத்து, ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கென்று விற்கிற பசையைத் தடவி மாட்டுங்கள், வருஷத்துக்கு இரண்டு தடவை. வரவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள்.